கிரைண்டரில் மர பிளேடு மாட்டலாமா? எம்.டி.எஃப். பலகை அறுக்க விரும்பும் வாசகருக்குப் பதில்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் வசிக்கிறேன். இந்த நவராத்திரிக்கு ஐந்து படி கொலு மேடையை எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையில் நானே செய்ய நினைக்கிறேன். அது நன்றாக வந்தால் பேத்திக்கு ஒரு புத்தக அலமாரியும் செய்ய ஆசை. வீட்டில் இரும்பு வேலைக்கான 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. அதில் மர பிளேடு மாட்டிக்கொண்டால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். மொட்டை மாடியில் வைத்து அறுக்கலாமா? வேறு கருவி வாங்குவதென்றால் எதை வாங்குவது? பேத்திக்கு ஒன்பது வயது, வீசிங் உண்டு. பலகைத் தூள் அவளைப் பாதிக்குமா? நான் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டாதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். தச்சுத் தொழிலில் மற்ற எதையும் தவறு செய்து, திருத்திக்கொண்டு, மெல்லக் கற்றுக்கொள்ள முடியும். இந்த ஒன்றில் மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை என்பதால்தான் கடிதத்தின் தொடக்கத்திலேயே இதை எழுதுகிறேன்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். கிரைண்டர் என்பது தேய்ப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம். அதற்குரிய வட்டுக்குப் பல் கிடையாது. இரும்பைத் துகள் துகளாக அரைத்துத் தள்ளுமே தவிர, எதையும் கவ்விப் பிடிக்காது. மர பிளேடின் பல்லோ கவ்வுவதற்கென்றே கூராக்கப்பட்டது. 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி ஓடுகிறது. பல் ஒன்று பலகையில் சிக்கிக்கொண்டால் அந்த விசை முழுவதும் இயந்திரத்தைப் பிடித்திருக்கும் கையின் பக்கம் திரும்பிவிடும். பலகையின் மேல் தட்டையாக அமர்ந்து செல்லும் அடித்தட்டு கிரைண்டருக்கு இல்லை. எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று வரையறுக்கும் திருகும் இல்லை. பிளேடு நேராக நிற்கிறதா என்பதை உங்கள் மணிக்கட்டு ஒன்றுதான் தீர்மானிக்கிறது. 18 மில்லிமீட்டர் ஆழமுள்ள வெட்டுக்குள் மணிக்கட்டு இம்மியளவு சாய்ந்தாலும் பிளேடு இரு பக்கமும் நெரிபட்டு எகிறும். பல கிரைண்டர்களில் சுவிட்ச், ஒருமுறை தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது; கையிலிருந்து நழுவி விழுந்த பின்பும் அது சுற்றிக்கொண்டேதான் கிடக்கும். மேலே உள்ள காப்பு மூடியும் தீப்பொறி முகத்தில் படாமல் தடுக்க வைத்தது. விரலைக் காக்க அதற்குத் தெரியாது.

என்னிடம் வேலை பழகிய இளைஞர் ஒருவர், ஒரு சமையலறை அலமாரி வேலையின் கடைசி நாளில், ஒரு சாண் அகலமுள்ள 12 மி.மீ. துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் கிரைண்டரை வைத்து அறுத்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அன்று காலையில் சொன்னவனும் நான்தான். கட்டைவிரலின் நரம்பும் தசைநாரும் அறுந்து இரண்டு முறை அறுவைச் சிகிச்சை ஆயிற்று. இன்றைக்கும் அவரால் உளியை இறுகப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் பட்டறையில் கிரைண்டர் இரும்பு வேலைக்கு மட்டும்தான்.

இதைப் படித்ததும், "வீடு கட்டும் இடங்களில் எல்லா ஆசாரிகளும் சின்ன கட்டரில்தானே பிளைவுட் அறுக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மார்பிள் கட்டர். அடித்தட்டு இருப்பதால் அது கிரைண்டரைவிட ஒரு படி மேல் என்றாலும், அதுவும் கல் அறுக்கும் வைர வட்டுக்காக வடிவமைக்கப்பட்ட கருவியே. பலகையை விட்டு வெளியே வந்ததும் பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் கீழ் மூடி அதில் கிடையாது. இருபது ஆண்டுகள் பழகிய கை அதன் குணத்தை அறிந்து நடத்திச் செல்கிறது. அப்படிப்பட்ட கைகளிலும் விரல் குறைந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். கருவி வாங்குவதற்கு முன் வீட்டில் அறுக்க வேண்டியதையே குறைத்துவிடுங்கள். திருச்சியைப் போன்ற நகரங்களில் பிளைவுட் கடையிலோ, அதை ஒட்டிய அறுப்புப் பட்டறையிலோ பேனல் சா இருக்கும். பெரிய மேசை, அதன் மேல் பலகையோடு சேர்ந்து நகரும் தட்டு, கீழே பிளேடு, தூளை உறிஞ்சும் குழாய் என்று அமைந்த இயந்திரம் அது. நல்ல பேனல் சாவில் பெரிய பிளேடுக்கு முன்னால் சின்ன பிளேடு ஒன்று எதிர்ச்சுற்றில் ஓடி அடிப்பக்கத்தை மெல்லக் கீறிவிடும். அதனால் விளிம்பு சிதறாமல் வரும். கையால் எவ்வளவு நிதானமாக அறுத்தாலும் அந்த நேர்த்தியும் சதுரமும் கிடைப்பது கடினம்.

உங்கள் கொலு மேடையையே கணக்கிட்டுப் பாருங்கள். எட்டுக்கு நாலு ஷீட், அதாவது 2440-க்கு 1220 மி.மீ., 18 மி.மீ. கனம் என்றால் ஒரு ஷீட் ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். அதை நீங்கள் தனியாக மாடிப்படியில் தூக்கிச் செல்ல முயன்றால், அறுப்பு தொடங்கும் முன்பே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே ஷீட்டைக் குறுக்குவாட்டில் 10 அங்குலப் பட்டைகளாகக் கடையிலேயே அறுத்து வாங்கினால், 4 அடி நீளமுள்ள பட்டைகள் ஒன்பது கிடைக்கும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடின் கனத்துக்காக 4 மி.மீ. கழித்துக்கொண்டாலும் கடைசியில் ஒரு சாண் அகலத்துக்குக் குறைவான மீதித் துண்டு நிற்கும். ஐந்து பட்டைகள் படிகளுக்கு, நான்கு தாங்குகளுக்கு. ஒவ்வொன்றும் நாலரைக் கிலோவுக்கு மேல் போகாது. பேத்தியே ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளலாம். நான்கடி நீளத்துக்கு இரு முனையில் மட்டும் தாங்கு கொடுத்தால் களிமண் பொம்மைகளின் எடையில் பலகை நாளடைவில் தொய்யும் என்பதால், நடுவிலும் ஒரு தாங்கு வைத்து அளவுத் தாளை எழுதுங்கள். அளவுகளை மில்லிமீட்டரில் எழுதி, எழுதிய அளவு பிளேடின் கனம் போக நிகரமாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டு ஒவ்வொரு பட்டையும் ஒரு நூல் குறைந்து வந்ததாக வருந்தியவர்கள் பலர்.

கடையில் நிற்கும்போதே பலகையைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எம்.டி.எஃப். என்பது தைலமரம், சவுக்கு போன்ற மரங்களை நாராகப் பிரித்து, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை. அந்தப் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு நெடுநாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. புதுப் பலகையில் கண்ணும் மூக்கும் எரிவது அதனால்தான். எவ்வளவு வெளியேறலாம் என்பதற்குத் தர வகைகள் உண்டு. இ-1 என்பது 100 கிராம் பலகைக்கு 8 மில்லிகிராமுக்கு மிகாதது. இ-2 அதற்கு மேல் 30 வரை போகலாம். வீசிங் உள்ள குழந்தை வாழும் வீட்டுக்கு இ-1 வகையையே கேட்டு வாங்குங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12406-இன் முத்திரை பலகையில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் அதைவிட உறுதியானது என்று எச்.டி.எச்.எம்.ஆர். பலகையைக் காட்டக்கூடும். ஈரத்தைத் தாங்கும் நல்ல பலகைதான், ஆனால் அடர்த்தி அதிகம். பிளேடு சீக்கிரம் மழுங்கும், கைவேலைக்குக் கடினம். கொலு மேடைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

பட்டைகள் வீட்டுக்கு வந்த பிறகு மிஞ்சும் வேலை சிறிது. முனைகளை வளைவாக்குவது, தாங்குப் பலகையில் படி உட்காரப் பள்ளம் எடுப்பது, ஒன்றிரண்டு துண்டுகளை நீளம் குறைப்பது, இவ்வளவுதான். இதற்கு ஒரே ஒரு மின்கருவி வாங்குவதென்றால் ஜிக்சா வாங்குங்கள். அதன் பிளேடு மேலும் கீழும் அசைகிறது, சுற்றுவதில்லை. சிக்கிக்கொண்டால் இயந்திரம் அதிருமே தவிர, உங்கள் மேல் பாய்ந்து வராது. அதற்காக விரலை வெட்டாது என்று எண்ண வேண்டாம். பலகையின் அடியில் கையைக் கொண்டுபோகக் கூடாது. டி 101 பி என்ற எண்ணுள்ள நுண்பல் பிளேடு எம்.டி.எஃப்.-க்கு நன்றாக ஒத்துவரும். முன்னும் பின்னும் ஊசலாடும் அசைவுக்கென்று கருவியில் உள்ள திருகைச் சுழியத்தில் வைத்துவிடுங்கள். அந்த ஊசலாட்டம் வேகமாக அறுக்கும், விளிம்பைக் கிழித்துவிடும். சாதாரணப் பிளேடின் பல் மேல்நோக்கி அறுப்பதால் பலகையின் நல்ல முகம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். வளைவில் அவசரப்பட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் பிளேடு வளைந்து, மேலே ஒரு கோடும் கீழே வேறொரு கோடுமாக வெட்டு வரும்.

கைரம்பத்தையும் மறந்துவிடாதீர்கள். நான்கு அல்லது ஐந்து குறுக்கு வெட்டுகள்தான் என்றால், அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பல் உள்ள கூர்மையான கைரம்பமே உங்கள் வீட்டுக்கு எல்லாவற்றிலும் ஏற்றது என்று நான் மனதார நம்புகிறேன். அது விடும் தூள் சற்றுக் கனமானது. பெரும்பகுதி காலடியிலேயே விழுந்துவிடும், மின்கருவியின் தூளைப் போலக் காற்றில் பறக்காது. அலமாரியின் முதுகுக்கு வைக்கும் 3 மி.மீ. பலகைக்கு ரம்பமும் வேண்டாம். இரும்பு ஸ்கேலை இறுக்கிப் பிடித்துக் கட்டர் கத்தியால் ஒரே கோட்டில் பலமுறை கீறினால் தூளே இல்லாமல் பிரிந்து வந்துவிடும். ஒரே கீறலில் முடிக்க நினைத்து அழுத்தினால் கத்தி ஸ்கேலின் மேலேறி விரலுக்கு வரும். ஐந்தாறு மென்மையான கீறல்களே போதும்.

புத்தக அலமாரிக்கு நீளமான நேர் வெட்டுகளை நீங்களே செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும், வட்டப் பிளேடு சுற்றும் கை மின்ரம்பமான 7 அங்குலச் சர்க்குலர் சா பற்றி யோசியுங்கள். கடையில் அதைக் கையில் எடுத்ததும் கீழ் மூடியை விரலால் பின்னுக்குத் தள்ளி விட்டுப் பாருங்கள். அது தயங்காமல் பட்டென்று திரும்ப மூட வேண்டும். அந்த மூடியைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து வேலை செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிக் கட்டிய கருவியை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். பிளேடுக்குப் பின்னால் வெட்டு மூடிக்கொள்ளாமல் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு, தூள் குழாய் மாட்டும் வாய் ஆகிய இரண்டும் இருக்கும் கருவி கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

பிளேடு டி.சி.டி. வகையாக, அதாவது பல் நுனியில் கார்பைடு வைத்ததாக இருக்க வேண்டும். எம்.டி.எஃப்.-இல் உள்ள பிசின், வெறும் இரும்புப் பல்லைச் சில வெட்டுகளிலேயே மழுங்கடித்துவிடும். 7 அங்குலத்துக்கு 60 பல் பொருத்தமானது. 24 பல் பிளேடு விளிம்பைச் சிதறடிக்கும். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, உங்கள் இயந்திரத்தின் சுற்றைவிட அதிகமாக இருக்கிறதா, நடுத்துளை வளையம் ஏதும் செருகாமல் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். அறுக்கும்போது கருகல் வாடை வந்து விளிம்பு பழுப்பானால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். மழுங்கிய பிளேடை வலிந்து தள்ளுவதில்தான் விபத்து நேர்கிறது.

சர்க்குலர் சா பின்னுக்கு எகிறுவதற்கு முக்கியக் காரணம், வெட்டு மூடிக்கொண்டு பிளேடை நெரிப்பது. பலகையை இரண்டு நாற்காலிகளின் மேல் பாலம்போல வைத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபட நடுப்பகுதி தொய்ந்து வெட்டின் வாய் மூடும்; அந்த நொடியில் இயந்திரம் உங்களை நோக்கி வரும். ஆகவே பலகையைத் தரையில், நான்கு ரீப்பர் கட்டைகளின் மேலோ கெட்டியான தெர்மகோல் பலகையின் மேலோ முழுதாகப் படுக்க வையுங்கள். அறுபடும் இரண்டு துண்டுகளுக்கும் கடைசிவரை அடியில் தாங்கு இருக்க வேண்டும். பிளேடு பலகையைத் தாண்டி 5 அல்லது 6 மி.மீ. மட்டும் கீழே இறங்கும்படி ஆழத்தை வையுங்கள். நேரான அலுமினியக் குழாய் ஒன்றை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அடித்தட்டு அதை உரசிக்கொண்டே போகட்டும். கருவியின் நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். வெட்டு முடிந்ததும் பிளேடு முற்றிலும் நிற்கும்வரை கருவியைத் தூக்காதீர்கள். பிளேடு மாற்றும்போது சுவிட்சை நிறுத்தினால் போதாது. பிளக்கையே பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தூளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பேத்தியைப் பற்றிய அந்த வரிதான்.

18 மி.மீ. பலகையில் நான்கடி நீளத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால் ஏறத்தாழ 40 கிராம் தூள் உண்டாகிறது. பிளேடு தின்ற இடத்தில் இருந்த பலகை அத்தனையும் தூளாகத்தானே மாற வேண்டும்? ஒன்பது வெட்டுக்கு முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல். கடையில் அறுத்து வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு தூள் உங்கள் வீட்டுக்கே வராது. இதில் கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழுவதைவிட, தெரியாமல் மிதப்பதே கெடுதல் செய்வது. நார்களாகவே பிரித்துச் செய்த பலகை என்பதால் எம்.டி.எஃப். தூள் சாதாரண மரத்தூளைவிட நுண்ணியது. மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், மூக்கைக் கடந்து நுரையீரலுக்குள் இறங்கும். பிரிட்டனில் கடின மரத்தூளுக்குத் தொழிலிட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். 2020-இல்தான் 5-இலிருந்து இப்படிக் குறைத்தார்கள். பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொண்டால், அறை முழுவதிலும் மிதக்கும் தூளின் மொத்த எடை 85 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஆகிறது. ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிடக் கனம்.

இது வெறும் தும்மல் விஷயமும் அன்று. 1960-களில் இங்கிலாந்தின் ஹை வைகோம்ப் பகுதியில் நாற்காலி, மேசை செய்யும் தொழிலாளர்களிடையே மூக்கின் உட்பகுதியில் வரும் அரிய புற்றுநோய் ஒன்று அதிகமாகக் காணப்படுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை 1995-இலும், ஃபார்மால்டிஹைடை 2004-இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அஞ்சிவிடாதீர்கள். அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுவதும் தூளைச் சுவாசித்தவர்கள். நீங்கள் செய்யப்போவது மூன்று நாள் வேலை. ஆனால் ஆஸ்துமாவுக்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை. வீசிங் உள்ள குழந்தைக்கு ஒரு மாலை நேரத் தூளே இரவில் மூச்சுத் திணறலாக முடியலாம். அதனால் உங்களுக்குச் சொல்லும் ஒழுங்குகளைவிட அவளுக்காகச் சொல்பவை கண்டிப்பானவை.

துண்டு போதாது. கைக்குட்டை, துணி முகமூடி, மூன்றடுக்கு அறுவைச் சிகிச்சை முகமூடி ஆகிய எதுவுமே இந்த நுண்தூளைத் தடுக்காது. ஓரங்களின் வழியாகக் காற்று தாராளமாக நுழைந்துவிடும். என்-95, அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.-2 முகமூடி வாங்குங்கள். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை முகத்தோடு நன்றாகப் படியும். அணிந்ததும் பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கோரத்திலோ கன்னத்திலோ காற்று கசிந்தால் உலோகப் பட்டையை மீண்டும் அழுத்திச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் எந்த முகமூடியும் படியாது. இது தூளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதற்குக் காற்றோட்டமே வழி.

ஆகவே மொட்டை மாடி நல்ல தேர்வுதான், சில முன்னேற்பாடுகளோடு. ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று முதுகிலிருந்து வந்தால் நல்லது என்று தோன்றும். உண்மையில் அப்போது உங்கள் உடலுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகித் தூள் முகத்துக்கே திரும்பும். காற்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கடந்து போகும்படி நில்லுங்கள், அந்த மறு பக்கத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் இல்லாதபடியும் பாருங்கள். மாடியில் துணிக்கொடி இருந்தால் துணிகளை எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியை இறுக்குங்கள். மாடிப்படிக் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணியைத் திணித்துவிடுங்கள். அன்று பேத்தி வீட்டில் இல்லாமலிருப்பதே உத்தமம். பள்ளி நாளாகப் பார்த்து, அவள் கிளம்பிய பிறகு தொடங்கி, திரும்பி வரும் முன் துடைத்து முடித்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் தூள் வாயில் வேக்குவம் கிளீனர் குழாயை மாட்டினால் தூளில் பெரும்பகுதி பிறந்த இடத்திலேயே பிடிபடும். ஆனால் துணிப் பை மட்டுமே உள்ள பழைய வீட்டு வேக்குவம் முன்வாயால் உறிஞ்சியதில் நுண்ணியதைப் பின்வாயால் ஊதிவிடும். நுண்தூளையும் பிடித்து வைக்கும் ஹெபா வடிகட்டி உள்ளது வேண்டும். இல்லையென்றால் மாடியில், காற்று போகும் திசையில், உங்களிடமிருந்து தள்ளி அதை வைக்க வேண்டும். முடித்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். படிந்ததை மீண்டும் பறக்கவிடுவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. ஊதும் புளோயர் அதைவிட மோசம். அரை மணி நேரம் காத்திருந்து, முகமூடியைக் கழற்றாமலே, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிறகு மாடியிலேயே சட்டையை மாற்றி, நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிடுங்கள். தாத்தாவின் தோளில் சாயும் குழந்தைக்குத் தாத்தாவின் சட்டையிலிருந்தும் தூள் வரும்.

விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பதை ஒரு சிறு வேலையாக எண்ணிவிட வேண்டாம். அறுப்பதைவிட மிக நுண்ணிய தூள் அதில்தான் வருகிறது. முகமூடி இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து தேய்ப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். தேய்ப்பதும் அதே மாடியில், அதே ஒழுங்கோடுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அணியுங்கள். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. சர்க்குலர் சாவின் ஓசை 100 டெசிபல் அளவுக்குப் போகும். அந்த ஓசையைக் காது தாங்கும் நேரம் நாளொன்றுக்குக் கால் மணிதான் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஆகவே காது மூடி வேண்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் கூடாது. சுற்றும் பிளேடின் அருகே கையுறையும் கூடாது. நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மாடிக்கு நீட்டும் வயர் மெல்லியதாக இருந்தால் சூடாகும், 1.5 சதுர மி.மீ.-க்குக் குறையாத வயரைச் சுருளை முழுவதும் பிரித்துப் பயன்படுத்துங்கள். அந்தப் பிளக்குக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. காப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தனியாக இருக்கும்போது மின்ரம்பத்தை ஓட்டாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு 108-ஐ அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். விரல் துண்டாகும் விபத்து நேர்ந்தால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி உயர்த்திப் பிடித்து, துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேராகச் சதையில் படக் கூடாது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

அறுத்த விளிம்புகளைத் திறந்தே விடாதீர்கள். பலகையின் முகத்தைவிட வெட்டுப்பட்ட விளிம்பின் வழியாகத்தான் வாயு அதிகம் வெளியேறும், நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இன்னும் கூடுதலாக. எட்ஜ் பேண்ட் என்ற விளிம்புப் பட்டையை ஒட்டலாம், அல்லது பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்துப் பெயின்ட் அடிக்கலாம். புரட்டாசி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேலையை முடித்து, மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள ஓர் இடத்தில் ஆறப் போட்டு வையுங்கள். மீந்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கவே கூடாது. பிசின் எரியும் புகை, தூளைவிடக் கொடியது. தூளைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள், செடிக்கு உரமாகப் போட வேண்டாம்.

பேத்தியின் மருத்துவரிடம் இந்த வேலையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவளுடைய இன்ஹேலர் தீரும் நிலையில் இருந்தால் புதிது வாங்கி வையுங்கள். அவளும் இதில் பங்கெடுக்கத்தான் விரும்புவாள். அளவுத் தாளை உங்களோடு உட்கார்ந்து அவள் வரையட்டும். கடையிலிருந்து பட்டைகள் வந்ததும் எது படி, எது தாங்கு என்று பென்சிலால் எண் போடட்டும். பெயின்ட் முழுதாகக் காய்ந்து நெடி அடங்கிய பிறகு, முதல் படியில் மரப்பாச்சியை அவள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.